ஆக்ஸிஜன் 95 காட்டுதே சிஸ்டர்... பயப்பட வேண்டாம்தானே?

கார்த்திகை மாதம். விடிய இன்னும் நேரம் இருந்தது. நாலே முக்காலுக்கு போன் அடித்தது. பழவேற்காடு ஏரியை ஒட்டிய ஒரு குப்பத்திலிருந்து ஒரு பெண். எனக்குத் தெரிந்தவள்தான். மீஞ்சூரில் எங்கள் தெருவுக்கு நண்டும் மடவையும் கொண்டுவருபவள்.

"சிஸ்டர், அப்பாவுக்கு ராத்திரியெல்லாம் இளைப்பு. படுக்கவே முடியல, உக்காந்துக்கிட்டே இருக்காரு. கொரோனா நேரத்துல வாங்குனோமே, வெரல்ல மாட்டுற மிஷின், அதுல பார்த்தேன். 95 காட்டுது. 94-க்குக் கீழ போனாத்தான் ஆபத்துன்னு அப்ப டி.வி-ல சொன்னாங்க. பயப்பட வேண்டாம்தானே? விடிஞ்சதும் பஸ்ல கூட்டிட்டு வரேன்."

"மிஷினைக் கழட்டி வைம்மா. அப்பாவோட மூச்சை எண்ணு."

"மூச்சை எண்ணணுமா? எப்படி சிஸ்டர்?"

எப்படி என்று சொன்னேன். லைனிலேயே இருந்தேன். அந்த ஒரு நிமிடம் அவள் வாய்க்குள் எண்ணுவது மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தது. நடுவில் ஓர் இருமல். பிறகு சொன்னாள்: "முப்பத்தி நாலு வருது சிஸ்டர். அது சரியா?"

சரியில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இருக்க வேண்டியது 34 என்றால், பஸ்ஸுக்குக் காத்திருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிடச் சொன்னேன். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அதே ஆக்ஸிஜன் அளவு 86-க்கு இறங்கியிருந்தது. வலது நுரையீரலில் நிமோனியா. ஏற்கெனவே பீடியும் விறகுப்புகையும் தின்று தீர்த்த நெஞ்சு அது.

போன வாரம் இந்தப் பக்கத்தில் சர்க்கரை நோயாளிகளின் கால் பராமரிப்பைப் பற்றி எழுதி, அடுத்து தூக்கம் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். தூக்கம் காத்திருக்கட்டும். மழையும் பனியும் மாறி மாறி வரும் இந்த நாட்களில், மூச்சைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

ஓட்டைப் படகும் தண்ணீர் இறைக்கும் கையும்

அந்தப் பெண்ணுக்கு ஆஸ்பத்திரி வராண்டாவில் வைத்து நான் சொன்ன விளக்கம் இதுதான். படகில் சின்ன ஓட்டை. தண்ணீர் உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. உள்ளே இருப்பவர் வாளியால் இறைத்துக்கொண்டே இருக்கிறார். அவர் வேகமாக இறைக்கிறவரை படகுக்குள் தண்ணீர் மட்டம் ஏறாது. கரையிலிருந்து மட்டத்தை மட்டும் பார்க்கிறவருக்கு எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் தோன்றும். இறைக்கிற கை ஓய்ந்தால் படகு முழுக அதிக நேரம் ஆகாது.

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் பார்ப்பது தண்ணீர் மட்டத்தை. நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்பது இறைக்கிற கையின் வேகம். நுரையீரலில் சளி அடைத்தாலும், நிமோனியா வந்தாலும், காற்றுக்குழாய் சுருங்கினாலும் உடம்பு முதலில் செய்வது மூச்சை வேகப்படுத்துவதுதான். அந்த வேகத்தால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் பல மணி நேரம் குறையாமல் இருக்கும். எண்ணிக்கை முன்னால் ஏறும். ஆக்ஸிஜன் பின்னால்தான் இறங்கும். எண்ணத் தெரிந்தவருக்கு அந்த இடைப்பட்ட சில மணி நேரம் கிடைக்கிறது. எண்ணாதவருக்கு அது கைநழுவிப் போகிறது.

கருவி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நானும் வைத்திருக்கிறேன். ஆனால் அதற்கும் சில குறைகள் உண்டு. நகப்பூச்சு, மருதாணி, குளிரில் விறைத்த விரல், ரத்த ஓட்டம் குறைந்த கை என்று பல காரணங்களால் அளவு தப்பாக வரும். கருத்த தோலில் உண்மையைவிடச் சற்று அதிகமாகக் காட்டக்கூடும் என்பதும் ஆய்வுகளில் தெரியவந்த ஒன்று. ஐந்து வருஷமாக அலமாரியில் கிடந்து, பேட்டரி பாதி தீர்ந்த கருவியாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

எல்லோருக்கும் 20

மூச்சை எண்ணுவதைப் பற்றி எனக்கு இவ்வளவு பிடிவாதம் ஏன் என்று கேட்டால், ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். சொல்ல எனக்குப் பிடிக்காத கதை.

நர்ஸிங் முடித்து வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே முக்கியமில்லை. ஆண்கள் மருத்துவப் பிரிவு, நைட் டியூட்டி. நாற்பது படுக்கைக்கு இரண்டு பேர். ஒவ்வொரு படுக்கையின் காலடியிலும் ஒரு சார்ட் தொங்கும். காய்ச்சல், நாடி, மூச்சு, ரத்த அழுத்தம். காய்ச்சலுக்கு தெர்மாமீட்டர் உண்டு. நாடிக்குக் கையைப் பிடித்தாக வேண்டும். மூச்சுக்கு? யாரும் எண்ணுவதில்லை. போகிற போக்கில் 20 என்று எழுதுவோம். முதல் படுக்கைக்கு 20, இரண்டாவதற்கு 20, கொஞ்சம் மாற்றிக் காட்ட வேண்டுமென்றால் 18, மறுபடி 20. இன்றும் உலகம் முழுக்க ஆஸ்பத்திரிகளில் மிகவும் அலட்சியப்படுத்தப்படும் அளவீடு இதுதான் என்று நர்ஸிங் பத்திரிகைகளே எழுதுகின்றன. எனக்கு அது ஆறுதல் இல்லை.

ஜன்னலோரப் படுக்கையில் ஒருவர் இருந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். காய்ச்சல், இருமல் என்று சேர்ந்தவர். சத்தம் போடாத மனிதர். தண்ணீர் கேட்கக்கூடத் தயங்குவார். அவருடைய சார்ட்டில் காலை 20, மதியம் 20, இரவு நான் எழுதிய 20. விடியற்காலை ரவுண்ட்ஸ் வந்த மூத்த சிஸ்டர் அவர் கட்டில் அருகே நின்றார். நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை அவர் வயிற்றின் மேல் வைத்து, சுவர்க் கடிகாரத்தில் முள் ஒரு சுற்றுச் சுற்றும்வரை அசையாமல் நின்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டவில்லை. "நாற்பது" என்று மட்டும் சொன்னார்.

அவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்பட்டு, மூன்றாம் நாள் இறந்துபோனார். முன்னாலேயே கண்டுபிடித்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. அவர் மனைவியும் கேட்கவில்லை. நான் எழுதியதுதான் அவளுக்குத் தெரியாதே. அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை எண்ணாமல் ஒரு மூச்சையும் நான் எழுதியதில்லை.

எண்ணுவது எப்படி?

செய்யச் சுலபம், ஆனால் பொறுமை வேண்டும். நோயாளி ஐந்து பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்தோ சாய்ந்தோ இருக்கட்டும். படியேறி வந்த உடனேயோ, இருமி முடித்த உடனேயோ எண்ணக் கூடாது. 'உன் மூச்சை எண்ணப் போறேன்' என்று சொல்லவும் கூடாது. சொன்னால் அவர் மூச்சையே மாற்றிக்கொள்வார். நீங்களே உங்கள் மூச்சைக் கவனித்துப் பாருங்கள், உடனே தாளம் தப்பும். அதனால் அந்த மூத்த சிஸ்டர் செய்ததுபோல் நாடி பார்க்கிற பாவனையில் கையைப் பிடித்துக்கொண்டு, வயிறோ நெஞ்சோ எது நன்றாக அசைகிறதோ அதைப் பாருங்கள். கம்பளியோ துண்டோ மூடியிருந்தால் விலக்குங்கள். ஒருமுறை ஏறி இறங்கினால் ஒன்று. மொபைலில் ஸ்டாப்வாட்ச் வைத்து முழு 60 விநாடி எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குவது வேண்டாம். மூச்சு நாடி மாதிரி சீராக ஓடுவதில்லை. ஒரு எண்ணிக்கை தப்பினாலும் பெருக்கும்போது நாலாகிவிடும்.

பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை சாதாரணம். 21-க்கு மேல் போனால் காரணத்தைத் தேட வேண்டும், ஒரு மணி நேரம் கழித்து மறுபடி எண்ண வேண்டும். 25-ஐத் தொட்டால் தாமதிக்கக் கூடாது. அரைத் தூக்கத்தில் சொருகிக் கிடப்பவருக்கு எண்ணிக்கை எட்டுக்கும் ஒன்பதுக்கும் குறைந்தாலும் அது அதே அளவு ஆபத்து.

குழந்தைகள் இயல்பிலேயே வேகமாக மூச்சு விடுவார்கள். அதனால் உலக சுகாதார நிறுவனம் அவர்களுக்குத் தனிக் கணக்கு வைத்திருக்கிறது. இருமலோ காய்ச்சலோ உள்ள குழந்தை, பிறந்து இரண்டு மாதம் ஆகாததென்றால் நிமிடத்துக்கு 60. இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50. ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40. இந்த எண்ணைத் தொட்டாலே வேகமான மூச்சு, அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். குழந்தை தூங்கும்போதோ அம்மா மடியில் அமைதியாக இருக்கும்போதோதான் எண்ண வேண்டும். மூச்சை உள்ளே இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே நெஞ்சு உள்வாங்கிக் குழி விழுந்தாலோ, பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம். கிளம்பிவிடுங்கள்.

எண்ணிக்கையோடு கண்ணுக்கும் வேலை இருக்கிறது. 'இன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க?' என்று கேளுங்கள். 'காலையில கஞ்சி குடிச்சேன், கருவாடு தொட்டுக்கிட்டேன்' என்று ஒரே மூச்சில் முழுசாகச் சொன்னால் கொஞ்சம் நிம்மதி. 'கஞ்சி...' என்று நிறுத்தி, மூச்சு வாங்கி, 'குடிச்சேன்' என்றால் நிலைமை தீவிரம். கழுத்துத் தசை கயிறு மாதிரி புடைக்கிறதா, மூக்குத் துவாரம் விரிகிறதா, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கிறாரா பாருங்கள். நீலம் பாய்ந்திருக்கிறதா என்று நம் நிறத்துக்கு விரல் நகத்தில் பார்ப்பதைவிட நாக்கிலும் உதட்டின் உட்புறத்திலும் பார்ப்பது நல்லது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இரவெல்லாம் 'உய் உய்' என்று இழுத்துக்கொண்டிருந்தவர் திடீரென்று அமைதியாகிக் கண்ணயர்ந்தால் 'அப்பாடா, தூங்கிட்டார்' என்று விளக்கை அணைத்துவிடாதீர்கள். எழுப்புங்கள். சரியாகப் பேசுகிறாரா, எங்கே இருக்கிறோம் என்று தெரிகிறதா பாருங்கள். காற்று போய்வருவதே குறைந்துவிட்டால் இழுப்புச் சத்தமும் நின்றுவிடும். அது இறைக்கிற கை ஓய்கிற நேரம்.

எங்கள் ஊர்க் காற்று

மீஞ்சூரிலிருந்து கிழக்கே பார்த்தால் அனல்மின் நிலையங்களின் புகைபோக்கிகள் தெரியும். வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் இரண்டு நிலைகளும் சேர்ந்து 1,830 மெகாவாட். வல்லூர் 1,500 மெகாவாட். எல்லாம் நிலக்கரி. நிலக்கரி எரிந்தால் சாம்பல். அத்திப்பட்டு, செப்பாக்கம் பக்கம் போனவர்களுக்கு வெயில் காலத்தில் அந்தச் சாம்பல் எங்கெல்லாம் படியும் என்று தெரியும். இதோடு துறைமுகங்களுக்குப் போய்வரும் லாரிகள்.

ஆனால் வெளிப்புகையை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு உள்புகையை விட்டுவிட முடியாது. கேஸ் அடுப்பு வந்துவிட்டது, சரி. வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் விறகுதான். பீடி வாசமே அறியாத எத்தனையோ பெண்கள் ஐம்பது வயதில் மூச்சு வாங்குவதைப் பார்க்கிறேன். புகையால் காற்றுக்குழாய் நிரந்தரமாகச் சுருங்கிப் போகும் சி.ஓ.பி.டி. என்ற நோய் புகைபிடிக்கும் ஆண்களுக்கு மட்டும் வருவதில்லை. காலமெல்லாம் அடுப்பு ஊதிய பெண்களுக்கும் வரும். 1859-ல் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் நர்ஸிங் பற்றி எழுதிய புத்தகத்தின் முதல் அத்தியாயமே நோயாளியின் அறைக்குள் நல்ல காற்று வருவதைப் பற்றித்தான். மருந்து மாத்திரை எல்லாம் அப்புறம்.

இந்த நோய் வந்தவர்கள் அதை நோய் என்றே நினைப்பதில்லை என்பதுதான் எனக்குக் கவலை. 'வயசாச்சு, இளைக்கத்தான் செய்யும்' என்பார்கள். வலை இழுக்கப் போனவர் வலை பின்னுகிற வேலைக்கு மாறுவார். பிறகு திண்ணைக்கு மாறுவார். மூச்சுக்கு ஏற்ப வாழ்க்கையைச் சுருக்கிக்கொண்டே போவார்கள். யாரும் கேட்பதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் ஏரிக்கரை வரை நிற்காமல் நடந்தவர் இப்போது எத்தனை இடத்தில் நின்று போகிறார் என்று கேளுங்கள். நர்ஸ் கேட்கும் கேள்விகளில் நல்ல கேள்வி அது.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை கட்டாயம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். காசநோயைப் பற்றிச் சொல்லும்போது நம் மாநிலம் பெருமைப்பட வேண்டிய ஒன்றையும் சொல்ல வேண்டும். 2022-ல் 'காசநோய் இறப்பில்லா திட்டம்' என்று ஒன்று தொடங்கினார்கள். காசநோய் என்று உறுதியானவுடனே, யாருக்கு உயிர் ஆபத்து அதிகம் என்று பிரித்தெடுத்து, அவர்களை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதுதான் நோக்கம். பிரித்தெடுக்க என்ன பார்க்கிறார்கள் தெரியுமா? ஸ்கேன் இல்லை, ரத்தப் பரிசோதனை இல்லை. உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா, காலில் வீக்கம் உண்டா, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, ஆக்ஸிஜன் எவ்வளவு, யாரும் பிடிக்காமல் தானாக நிற்க முடிகிறதா. ஐந்தே விஷயங்கள். மூச்சு 24-க்கு மேல் போனால் அதுவே அபாய அறிகுறி. கிராமத்துச் சுகாதார ஊழியர் ஒரு கடிகாரத்தை வைத்துக்கொண்டு செய்யக்கூடிய வேலை ஓர் உயிரைக் காப்பாற்றும் முடிவில் பங்கெடுக்கிறது. அந்தப் படிவத்தில் 'எல்லோருக்கும் 20' என்று யாரும் எழுதிவிடக் கூடாதே என்பதுதான் என் வேண்டுதல்.

வண்டி வரும்வரை

போன் செய்தாகிவிட்டது. குப்பத்துக்குள் ஆம்புலன்ஸ் வர நேரமாகும். அதுவரை என்ன செய்வது?

படுக்க வைக்காதீர்கள். இதுதான் முதல். மூச்சு வாங்குகிறவரைப் பாசத்தோடு படுக்க வைத்துத் தலைமாட்டில் ஐந்து பேர் சுற்றி உட்காருவார்கள். எழுப்பி உட்கார வையுங்கள். முன்னால் ஒரு ஸ்டூலோ கவிழ்த்த அண்டாவோ வைத்து, மேலே இரண்டு தலையணை போட்டு, அதன் மேல் கைகளை ஊன்றிச் சாயட்டும். தோளுக்கு ஓய்வு கிடைத்தால் நெஞ்சுத் தசைகள் மூச்சுக்கு மட்டும் வேலை செய்யும். ஜன்னலைத் திறங்கள். சுற்றி நிற்பவர்களை வெளியே அனுப்புங்கள். வாயில் தண்ணீரோ காபியோ ஊற்றாதீர்கள். மூச்சிரைப்பில் புரையேறினால் நுரையீரலுக்குள் போய்விடும்.

மூக்கால் மெதுவாக இழுத்து, விசில் அடிப்பதுபோல் உதட்டைக் குவித்து, இழுத்ததைவிட இரண்டு மடங்கு நேரம் விடச் சொல்லுங்கள். எதிரே உட்கார்ந்து நீங்களும் அப்படியே செய்தால் அவரும் தொடர்வார். பதற்றம் குறையும். சி.ஓ.பி.டி. உள்ளவர்களுக்கு உள்ளே அடைபட்ட காற்று வெளியேற இது மிகவும் உதவும்.

டாக்டர் முன்பே இன்ஹேலர் எழுதிக் கொடுத்திருந்தால் அவர் சொல்லியிருக்கிறபடி உடனடி நிவாரண மருந்தைக் கொடுங்கள். பத்தில் ஏழு பேர் வீட்டில் அதைத் தப்பாகத்தான் பயன்படுத்துகிறார்கள் என்பது என் அனுபவக் கணக்கு. நாக்கில் அடித்துவிட்டு 'மருந்து வேலை செய்யல' என்பார்கள். குலுக்க வேண்டும், மூச்சை முழுசாக வெளியே விட வேண்டும், உள்ளே இழுக்க ஆரம்பிக்கும்போதே அழுத்த வேண்டும், பத்து விநாடி அடக்க வேண்டும். இளைப்பில் இருப்பவரால் இந்த ஒத்திசைவு முடியாது. அதற்குத்தான் ஸ்பேஸர் என்ற பிளாஸ்டிக் குடுவை. மருந்தை அதற்குள் அடித்துவிட்டு ஐந்தாறு முறை சாதாரணமாக மூச்சு விட்டால் போதும்.

ஸ்பேஸர் இல்லையா? கேப் டவுனில் ஹெதர் ஸார் என்ற குழந்தை நல மருத்துவரும் அவர் குழுவும் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் இறுக்கமாகப் பொருந்துமாறு துளை போட்டு, ஆஸ்துமா குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கடையில் வாங்கும் ஸ்பேஸருக்கு இணையாக அது வேலை செய்தது என்று 1999-ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். நமக்கும் பாட்டிலுக்குப் பஞ்சமில்லை.

'பம்ப் பழகிடுமாமே சிஸ்டர்?' என்று கேட்காத வீடில்லை. பழகாது. கண்ணாடி போட்டால் கண்ணாடிக்கு அடிமையாகிவிட்டோம் என்று சொல்வோமா? ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலராக இருந்தால் எடுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்புங்கள், வாய்ப்புண் வராது. அவ்வளவுதான்.

ஆவி பிடிப்பது மூக்கடைப்புக்கு இதமாக இருக்கலாம். இழுப்புக்கு அது மருந்து இல்லை. கொதிக்கும் பானையோடு இருமும் குழந்தையைப் போர்வைக்குள் அடைத்து, தொடை வெந்து வந்த குழந்தைகளுக்குக் கட்டுப் போட்டிருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

வீட்டில் ஆக்ஸிஜன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சி.ஓ.பி.டி. நோயாளிகளுக்கு டாக்டர்கள் பொதுவாக 88-லிருந்து 92 வரை ஆக்ஸிஜன் இருந்தால் போதும் என்றுதான் அளவு வைப்பார்கள். 'அப்பாவுக்கு 90-தான் இருக்கு' என்று பயந்து நாமாகக் குமிழைத் திருகி 99-க்கு ஏற்றினால், கரியமில வாயு உடம்பில் தேங்கி மயக்கத்தில் தள்ளிவிடும். எழுதிக் கொடுத்த அளவை மாற்றாதீர்கள். அந்த அறையில் விளக்கு, ஊதுபத்தி, பீடி எதுவும் கூடாது.

அந்த டிசம்பர் இரவு

வடக்கே குப்பங்களில் இருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் இன்னொரு கேள்வி, வாயு கசிந்தால் என்ன செய்வது என்பது. காரணம் இருக்கிறது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவையொட்டி எண்ணூரில் ஓர் உரத் தொழிற்சாலைக்குப் போகும் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கண் எரிச்சல், தொண்டை எரிச்சல், மூச்சுத்திணறல் என்று பலர் ஆஸ்பத்திரிகளில் சேர்க்கப்பட்டார்கள். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிவு கரைந்து வந்து முகத்துவாரத்தில் படிந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது அப்போது.

அமோனியா தண்ணீரில் வேகமாகக் கரையும். கண், மூக்கு, தொண்டை ஈரத்தில் அது முதலில் பாய்வதும் அதனால்தான். ஈரத்துணியை மூக்கிலும் வாயிலும் கட்டுவது கொஞ்சம் உதவுவதும் அதனால்தான். ஓடும்போது காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பார்த்து, காற்றுக்குக் குறுக்காக ஓடி விலகுங்கள். வாயு போகும் திசையிலேயே ஓடினால் அதுவும் கூடவே வரும். கடற்கரைக்காரர்களுக்குக் காற்றின் திசையை நான் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. வெளியே வந்ததும் உடுப்பைக் கழற்றி, கண்ணையும் தோலையும் நிறைய தண்ணீரால் கழுவுங்கள்.

அதன்பிறகுதான் மூச்சை எண்ணும் வேலை. இப்படிப்பட்ட வாயுவைச் சுவாசித்தவர் முதலில் நன்றாக இருப்பார். 'ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போறேன்' என்பார். சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். அதனால் ஒரு நாள் முழுக்க, தூங்கும்போதுகூட, இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை எண்ணிக் குறித்து வையுங்கள். ஏறிக்கொண்டே போனால் டாக்டரிடம் அந்தச் சீட்டையே நீட்டுங்கள். ஆயிரம் வார்த்தை விளக்கம் வேண்டாம்.

ஏரிக்கரைப் பெரியவர் பதினோரு நாள் கழித்து வீடு திரும்பினார். போன வாரம் பார்க்கப் போயிருந்தேன். திண்ணையில் வலையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வா தங்கச்சி" என்று ஒரே மூச்சில் இரண்டு வார்த்தை சொன்னார். உள்ளே சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் ராகுகாலத்துக்குப் பக்கத்தில் பேனாவால் எழுதியிருந்தது: 22, 22, 21, 23, 22. மகள் தினமும் காலையில் அவர் டீ குடிக்கும் முன் எண்ணி எழுதுகிறாள்.

"இருபதுக்கு மேல இருக்குதே சிஸ்டர், பரவாயில்லையா?" என்றாள்.

அவருடைய நுரையீரலுக்கு 22 அவருடைய வழக்கம். அந்த வழக்கம் தெரிந்திருந்தால்தான் ஒருநாள் காலை 27 என்று வரும்போது அது 27 என்று உறைக்கும். டாக்டரும் அதையேதான் சொன்னாராம். நான் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் எண்ணினேன். பெரியவர் சிரித்துவிட்டார், நாடி பார்க்கிற பாவனை அவரிடம் இனி செல்லாது. இரண்டாவது முறை எண்ண வேண்டியதாயிற்று. 22.